ஜுனைதா மூடிய கால்

"என்னைக் கழுவ நீங்கதான் வரணும், ராத்தா. வேற ஆர்ர கையும் என்ட மேல்ல படப்படா."

சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் அந்தக் குறுக்குத் தெருவில் இப்படிச் சொல்லிவைத்திருந்த பெண்கள் பலர். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் நோய் வருத்தத்தில் கிடந்தபடி ஜுனைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

"ஆரு முந்தி எண்டு அல்லாவுக்குத்தான் தெரியும். நான் முந்தினா நீ வந்து தண்ணி ஊத்து."

ஜுனைதா இறந்துபோன பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். அது தொழில் அல்ல, கூலியும் கிடையாது. மவுத்தான வீட்டார் ஒரு சட்டைத் துணி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கொடுக்காவிட்டால் அதை நினைக்கவும் மாட்டாள். கடல் ஊருக்குள் வந்த ஆண்டில் அவளுடைய உம்மாவைக் கழுவாமலே அடக்கினார்கள். அன்றைக்குக் கழுவ ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதன் பிறகு மார்க்கம் படித்த ஒரு மௌலவியாவிடம் போய் முறைப்படி கேட்டுப் படித்துக்கொண்டு அவள் இந்த வேலைக்கு இறங்கினாள். தன் தெருவில் இனி ஒருத்தியும் கழுவாமல் போகக் கூடாது என்பது மட்டுமே அவளுடைய எண்ணமாக இருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. மையித்தின் மேல் நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு சீலை கிடக்கும். அது எல்லோரும் செய்வது. ஜுனைதா தன் இடப்பக்கத்தில் இன்னொரு சீலைத் துண்டையும் மடித்து வைத்துக்கொள்வாள். தீக்காயமோ, அறுவைத் தழும்போ, எவனோ அடித்த கண்டலோ, எது இருந்தாலும் தண்ணீர் ஊற்ற நிற்கிறவர்களின் கண் அதில் விழுவதற்கு முன் அந்தத் துண்டு அங்கே போயிருக்கும். கழுவுகிறவள் கண்ட குறையை வெளியில் சொல்லக் கூடாது. அது மையித்து நம்பி ஒப்படைத்த அமானிதம். சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, காட்டாமலும் இருக்க வேண்டும் என்று ஜுனைதா நினைத்தாள். பெண்கள் அவளைச் சொல்லிவைத்ததும் அதனால்தான்.

மண்ணெண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற ஆண்டில் மையித்தைச் சுற்றி அடக்கும் கபன் துணியும் விலை ஏறியது. ஒரு வீட்டில் கழுவி முடித்த பிறகும் துணி வந்து சேரவில்லை. புருஷன்காரன் கைமாற்றுக் கேட்டு வீடு வீடாகத் திரிந்துகொண்டிருந்தான். ஈரச் சீலைக்குக் கீழே அந்தப் பெண் நண்பகல் லுஹரிலிருந்து பின்னேரம் அஸர் வரைக்கும் கிடந்தாள். ஜுனைதா பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினாள். அன்றிலிருந்து தன் அலுமாரியில் கொஞ்சம் கபன் துணி எப்போதும் இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் ஏறிவிட்டது.

அந்த நேரத்தில்தான் றிஸ்னா வந்தாள். ஜுனைதாவின் பெரியம்மா மகளுடைய மகள். பட்டப்படிப்பு முடித்து, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து களைத்தவள். கையில் ஒரு கோப்பிப் பெட்டியும் கருஞ்சீரக எண்ணெய் நிரம்பிய சின்னப் போத்தலும் கொண்டுவந்திருந்தாள்.

"சாச்சி, இது விக்கிற வேல இல்ல. நீங்க குடிக்கிறீங்க, சுகமா இரிக்கிறீங்க, மத்தாக்களுக்குச் செல்லுறீங்க. அவ்வளவுதான்."

"விக்காம எப்பிடி புள்ள லாபம் வரும்?"

"ஒங்களுக்குக் கீழ வலப்பக்கம் ஒரு ஆள், இடப்பக்கம் ஒரு ஆள். அவகளுக்குக் கீழ ரெவ்வெண்டு பேர். அவக எல்லாரும் வாங்குறதில ஒங்களுக்கு ஒரு பங்கு."

ஜுனைதாவின் புருஷன் நளீம் ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லொறியோடு போகிறவன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டுக்குக் கீழ ரெண்டு, அதுக்குக் கீழ ரெண்டு எண்டு போனா சாய்ந்தமருது முடிஞ்சி, காரைதீவு முடிஞ்சி, திருக்கோவில் தேருக்கு வாற சனத்தையும் சேத்தாலும் காணாது போல இரிக்கே மகள். மறுகா கடல்ல மீனயா சேக்கிற?"

"பகிடி பண்ணாதீங்க சாச்சா. சாமான் இல்லாம காசி மட்டும் கைமாறினாத்தான் அது ஏமாத்து. இதில சாமான் இரிக்கி. பதிஞ்ச கம்பனி. இஞ்ச பாருங்க, ஹலால் முத்திரையும் இரிக்கி."

ஜுனைதா பெட்டியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். முத்திரை இருந்தது. அவளுக்கு அது போதும். அந்த முத்திரை பெட்டிக்குள் இருந்த தூளைப் பற்றியது. விலக்கப்பட்ட எதுவும் அதில் கலக்கவில்லை என்று சொல்வது. அந்தத் தூள் என்ன வாக்கோடு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. தூளின் முத்திரையை வியாபாரத்தின் முத்திரையாக எடுத்துக்கொண்டது ஜுனைதா மட்டும் இல்லை, தெருவே அப்படித்தான் எடுத்தது. பதிவும் அப்படியே. பெயர் பதிந்த கம்பனி என்றால் அது செய்வதையெல்லாம் அரசாங்கம் பார்த்துச் சரி சொல்லிவிட்டது என்று நம்பினார்கள். பெயர் பதிவது கடைக்குப் பலகை மாட்டுவது மாதிரித்தான் என்றும், உள்ளே நடப்பது வேறு கதை என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஜுனைதா தயங்கினாள். றிஸ்னா எழும்பும்போது சொன்னாள்: "வாற லாபத்தில கபன் துணி வாங்கி அலுமாரில அடுக்கி வைங்க சாச்சி. ஒங்களுக்குப் பிறகும் நன்ம வந்துக்கிட்டே இரிக்கும்."

ஈரச் சீலைக்குக் கீழே கிடந்த அந்தப் பெண் ஜுனைதாவின் கண்ணுக்குள் வந்தாள். "சரி புள்ள, எழுதிக்க" என்றாள்.

பின்னால் ஊர் சொன்னது வேறு. ஆசைப்பட்டுப் போனாள், சும்மா இருந்து காசு உழைக்கப் பார்த்தாள், கார் வாங்கப் பார்த்தாள் என்றார்கள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் விழுகிறவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று நினைப்பது விழாதவர்களுக்கு ஒரு நிம்மதி. ஜுனைதா கபன் துணிக்காக விழுந்தாள். அவளுக்குக் கீழே சேர்ந்தவர்களில் ஒருத்தி பிள்ளையின் கண் சிகிச்சைக்காகச் சேர்ந்தாள். இன்னொருத்தி சேராவிட்டால் ஜுனைதா மனம் நோவாளே என்று சேர்ந்தாள்.

முதல் கோப்பியை ஊற்றிக் கொடுத்த காலை நளீம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இதக் குடிச்சா ஒன்ட மையித்துகளும் எழும்பி இரிக்கும்போல."

"அஸ்தஃபிருல்லா! வாயக் கழுவுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிறகு எத்தனையோ முறை ஜுனைதாவின் காதில் கேட்டது.

அவள் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். மவுத்து வீட்டில் வியாபாரம் கதைப்பதில்லை, பெட்டியும் கொண்டுபோவதில்லை. ஆனால் கழுவிய வீட்டுக்குச் சில நாள் கழித்துச் சுகம் விசாரிக்கப் போவது அவள் வழக்கம். அங்கே யாராவது, "ஒங்கட முகம் நல்லா வெளிச்சமா இரிக்கே" என்பார்கள். இவள் கோப்பியையும் எண்ணெயையும் பற்றிச் சொல்வாள். விற்கவில்லை, கேட்டதற்குச் சொன்னேன் என்று மனதுக்குள் கட்டிக்கொள்வாள். அந்த வீட்டுப் பெண் ஒரு பெட்டிக்குச் சம்மதிப்பாள். இப்படியே அவளுடைய வலப்பக்கமும் இடப்பக்கமும் தழைத்தன. கம்பனிக்காரர்கள் வியந்தார்கள். மற்றவர்கள் முகம் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டி வெறுங்கையோடு திரும்பும்போது இவள் போன வீடெல்லாம் திறந்தது. உழைப்பவருக்கு வரும், சோம்பேறிக்கு வராது என்று மேடையில் சொன்னார்கள். ஜுனைதாவும் அதை நம்பினாள். எந்தக் கை தனக்கு அந்தக் கதவுகளைத் திறந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அவளுடைய வலப்பக்கத்தில் முதலில் வந்தவள் ஸம்றா. அதே தெருவில் பெண்களுக்குச் சட்டை தைக்கிறவள், வாய் ஓயாதவள். மகள் றுஸ்தாவுக்குக் கல்யாணமானதும் வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்குத் தையல் மெஷினோடு போய்விட்டாள். அவளுக்கு நீண்ட நாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு.

ஒரு நாள் சட்டை தைக்கக் கொடுக்கப் போன ஜுனைதாவிடம் அவள் பெருமையாகச் சொன்னாள்.

"ராத்தா, மருந்துக் குளிசைய விட்டுட்டன்கா. இப்ப ஒங்கட எண்ணெய் மட்டும்தான். கிளினிக்ல போய்க் குந்திக்கிட்டிருக்கிற வேலயும் மிச்சம்."

குளிசையை விடச் சொல்லி ஜுனைதா சொன்னதில்லை. ஆனால் எண்ணெய் சீனிக்கு நல்லது என்று சொன்னவள் அவள்தான். இயற்கையான சாமான், தீங்கு வராது என்று றிஸ்னா சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாள். ஏன்கா விட்டாய் என்று கேட்க வாய் வந்தது. ஸம்றாவின் முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. ஜுனைதா கேட்கவில்லை.

கேட்காதது மட்டும் இல்லை. கம்பனியின் அடுத்த கூட்டத்தில், கல்முனையில் ஒரு மண்டபத்தில், அவளை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றவளின் வாயில் ஸம்றா வந்தாள்.

"எங்கட தெருவில ஒரு புள்ள சீனிக்குக் குளிசைய விட்டுட்டு இந்த எண்ணெயக் குடிக்கிறா. இப்ப நல்ல சுகம்."

மண்டபம் முழுக்க "மாஷா அல்லாஹ்" என்றது. ஜுனைதா வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மேடை ஏறினாள். அன்று சொன்னது இதுதான்.

நோன்புப் பெருநாள் கழிந்த கிழமையில், லுஹர் நேரத்தில், ஸம்றா தையல் மெஷினில் சாய்ந்தபடி மவுத்தாகிப்போனாள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டொக்டர். றுஸ்தாவின் புருஷன் முஸ்தாக் ஓடிவந்து ஜுனைதாவைத்தான் கூப்பிட்டான். ஸம்றா சொல்லிவைத்த ஆள் அவள்.

பின்வளவில் சீலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். பள்ளியிலிருந்து குளிப்பாட்டும் பலகை வந்திருந்தது. இலந்தை இலை போட்ட தண்ணீரும் கற்பூரத் தண்ணீரும் வாளிகளில் தயாராக நின்றன. மாளிகைக்காட்டிலிருந்து ஸாலிஹா வந்திருந்தாள். அவளும் கழுவுகிறவள், பெரிய மையித்து என்றால் இருவருமாகச் செய்வார்கள். தண்ணீர் ஊற்ற றுஸ்தா வந்து நின்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாம் என்று பெண்கள் தடுத்தார்கள்.

"என்ட உம்மாக்கு நான் ஊத்தாம ஆரு ஊத்துற?" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எல்லாம் முறைப்படி நடந்தது. தலை, வலப்பக்கம், இடப்பக்கம். கடைசியில் கால். ஸம்றாவின் இடக்காலில் ஒரு காலுறை இருந்தது. அதை முதலிலேயே கழற்றாமல் எப்படி விட்டோம் என்று நினைத்தபடி ஜுனைதா விரலை விட்டு அதை மெல்ல உரித்தாள்.

பெருவிரலுக்குக் கீழே பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சை எடுத்தாள். உள்ளே குழியாகப் போன புண், ஓரமெல்லாம் கறுத்து. பஞ்சு முழுக்க எண்ணெய். மணம் முகத்தில் அடித்தது. முதலில் கருஞ்சீரக மணம். அதற்கு அடியில் அழுகலின் மணம்; அதையும் அவள் அறிவாள். எண்ணெய் அவள் வீட்டு மேசையில் இருக்கும் அதே போத்தலுடையது. குடிப்பதோடு நிற்காமல் ஸம்றா அதைப் புண்ணிலும் ஊற்றிப் பொத்திவைத்திருந்தாள். பின்னறையில், யாருக்கும் காட்டாமல்.

றுஸ்தா அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

ஜுனைதாவின் இடக்கை சீலைத் துண்டை எடுத்தது. அவள் நினைத்து எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் பழகிய கை தானாகப் போய்க் காலின் மேல் சீலையை இழுத்து மூடியது. எதிர்ப்பக்கம் நின்ற ஸாலிஹா ஒரு முறை அவளுடைய கண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"ஊத்து மகள்" என்றாள் ஜுனைதா.

சீலைக்குக் கீழே கையை விட்டு அவள் கழுவினாள். ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. பலகையின் கால்மாட்டில் வழிந்து நின்ற தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்களாக அது மிதந்தது. வெயில் பட்டு அந்த வட்டங்கள் மினுங்கின.

அன்றிலிருந்து ஜுனைதாவுக்குக் கால் கழுவுவது பெரும்பாடாகிவிட்டது. தொழுகைக்கு முன் செய்யும் வுழூவில் கடைசியாகக் கழுவுவது கால். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அவள் தன் இடக்காலில் தண்ணீரை ஊற்றும்போது பெருவிரலுக்குக் கீழே விரல் போய்த் தடவிப் பார்க்கும். குழி இருக்காது. தண்ணீரைக் குனிந்து பார்ப்பாள். வட்டம் இருக்காது. திரும்பவும் ஊற்றுவாள். கையில் மணம் இருப்பதாகத் தோன்றும், மீன் மணத்தோடு வரும் நளீமிடம் கையை நீட்டி, "மணக்குதா?" என்று கேட்பாள்.

"ஒண்டும் இல்லகா. எனக்கு மீன் மணம்தான் தெரியும்" என்பான் அவன். ஒரு நாள் அவன் பகிடியை நிறுத்திவிட்டான். குழாயடியில் அவள் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய்தான் ஸம்றாவைக் கொன்றது என்று அவளால் சொல்ல முடியாது. நெஞ்சு நின்றுபோவதற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது ஒரு கால் மட்டும். கழுவுகிறவள் கண்டதைச் சொல்லக் கூடாது என்ற விதி அவளை வாய் மூடவைத்தது. அந்த விதி முன்பெல்லாம் மையித்தைக் காத்தது. இப்போது அது யாரைக் காக்கிறது? அந்த மாதம் கம்பனியிலிருந்து வந்த பங்கில் ஸம்றா கடைசியாக வாங்கிய போத்தலின் பங்கும் இருந்தது.

அவள் றிஸ்னாவைத் தேடிப் போனாள்.

"இந்த எண்ணெய் சீனிக்கு நல்லம் எண்டு ஒனக்கு ஆரு சென்ன?"

"மேல இரிக்கிறவங்க, சாச்சி."

"அவகளுக்கு ஆரு சென்ன?"

"அவகளுக்கும் மேல இரிக்கிறவங்க." றிஸ்னாவின் குரல் இறங்கியது. "ஏன் சாச்சி? ஸம்றா மாமிட மேல்ல என்னவும் கண்டீங்களா?"

"நான் கழுவுறவ. என்னட்ட அதக் கேக்காத."

றிஸ்னா எழும்பிப் போய் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். கட்டிலுக்குக் கீழும் மேலும் பெட்டிகள். சுவரை மறைத்துப் பெட்டிகள். கம்பனியில் தன் இடம் இறங்கிவிடாமல் இருக்க மாதா மாதம் தானே வாங்கி அடுக்கியவை. மேலே இருக்கிறவர்கள் கொழுத்துப்போய் இருக்கிறார்கள் என்றுதான் ஜுனைதாவும் நினைத்திருந்தாள்.

"கூட்டம் நடத்துற கம்பனி சேர் வாற கார் வாடகக் கார் சாச்சி. எனக்கு இப்பதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு றிஸ்னா கதவோடு சாய்ந்து அழுதாள். ஏமாற்றியவள் என்று ஊர் பின்னால் அவளைத்தான் காட்டியது. அவள் தெரிந்து ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஜுனைதாவைத் தவிர அந்தக் கோப்பியை உண்மையாகவே குடித்துவந்தவள் றிஸ்னா ஒருத்திதான்.

அது ஜுனைதாவுக்கு அடுத்த நாள்தான் தெரியவந்தது. ஸம்றாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தான் சொன்ன பொய்யை மட்டும் திருப்பி எடுப்பது என்று தீர்மானித்து, பையை எடுத்துக்கொண்டு தனக்குக் கீழே இருந்த வீடுகளுக்குப் போனாள். முதல் வீடு றுமானாவுடையது. அவளுடைய உம்மாவை ஜுனைதா கழுவியிருந்தாள்.

"எண்ணெயத் திருப்பித் தாகா. நான் சென்னதெல்லாம் பொய். சீனிக்கும் நல்லமில்ல, ஒண்டுக்கும் நல்லமில்ல. குளிசைய விட்டிருந்தா இண்டைக்கே எடுத்துப் போடு."

றுமானா அலுமாரியைத் திறந்தாள். சீலைகளுக்குப் பின்னால் பெட்டிகளும் போத்தல்களும் இருந்தன. ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை.

"குடிக்கல்லியா நீ?"

"குடிக்கவா வாங்கின?" றுமானா சிரிக்கப் பார்த்தாள். "எங்கட உம்மாவக் கழுவின கை ராத்தா. அந்தக் கை ஒண்ட நீட்டினா வாணாம் எண்டு செல்ல ஏலுமா?"

"எனக்குச் செல்லியிருக்கலாமேகா."

"எப்பிடிச் செல்லுற? கோவிக்காதீங்க. தெருவில என்ன கதைக்கிற தெரியுமா? ஜுனைதா வாறா எண்டா, கழுவ வாறாவா விக்க வாறாவா எண்டு கேக்கிறாங்க. மவுத்து வீட்டுல ஒங்களக் கண்டா, அழுகைக்குள்ளயும் ஒரு பயம் வருது."

வீடு வீடாக இதுதான். கட்டிலடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், பரணில் எல்லாம் முத்திரை உடையாத பெட்டிகள். சாமான் இருக்கிற வியாபாரம் என்று றிஸ்னா சொன்னது பொய் இல்லை. சாமான் இருந்தது. அதை வேண்டி வாங்கியவர்தான் வெளியில் ஒருவரும் இல்லை. சேர்ந்தவர்களே வாங்கினார்கள், சேர்ந்திருப்பதற்காக வாங்கினார்கள், கழுவிய கைக்காக வாங்கினார்கள். தான் உழைத்துத் திறந்த கதவுகள் என்று அவள் நினைத்திருந்த எல்லாவற்றையும் மையித்துகள்தான் அவளுக்குத் திறந்துவிட்டிருந்தன. பை நிரம்பி, அவள் வீட்டுக்கு நடந்தாள். கழுவிய முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கூடவே வந்தன.

எல்லா வீட்டிலும் திறக்காத எண்ணெயை ஸம்றா ஒருத்தி மட்டும் நம்பிக் குடித்திருந்தாள்.

அன்று றுஸ்தாவின் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அஸருக்குப் பிறகு றுஸ்தா தானாகவே வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கையில் ஒரு பை. அதிலிருந்து நான்கு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உம்மாட அறையில இரிந்த, மாமி. நீங்க எல்லாரிட்டயும் திருப்பி எடுக்கிறீங்களாம். இத எடுத்துராதீங்க. கிளினிக்ல எனக்கும் சீனி கூட எண்டு ஊசி போடச் செல்லுறாங்க. எனக்கு ஊசி பயம். புள்ளைக்கும் என்ன ஆகுமோ. உம்மா இதக் குடிச்சித்தானே சுகமா இரிந்தா. எவ்வளவு குடிக்கணும் எண்டு மட்டும் செல்லுங்க."

ஜுனைதா போத்தல்களைப் பார்த்தாள். குழாயடியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

இந்த எண்ணெய் கூடாது என்று மட்டும் சொல்லலாம். அதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அது றுஸ்தாவின் காதுக்கும் வந்திருக்கிறது, அவள் நம்பவில்லை. உம்மா சுகமாக இருந்தாள் என்பதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவள் பார்க்காதது ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கவிடாமல் செய்தவள் இந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் இருபது ஆண்டு காத்த அமானிதம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மூடியைத் திறப்பாள்.

"ஒன்ட உம்மா சுகமா இரிக்கல்ல, மகள்."

றுஸ்தா நிமிர்ந்தாள்.

"இடக்கால்ல புண். பெருவிரலுக்குக் கீழ. எலும்பு வரைக்கும் போயிரிந்த. பஞ்சில இந்த எண்ணெய ஊத்தி அடச்சி வச்சிரிந்தா. குளிசைய விட்டது எனக்குத் தெரியும். எனக்கிட்ட சென்னா. நான் ஒண்டும் கேக்கல்ல. மேடையில ஏறி அதப் பெருமையாச் சென்னன். நெஞ்சு நிண்டதுக்கு அதுதான் காரணமா எண்டு எனக்குத் தெரியா. கால் எனக்குத் தெரியும். ஊசியப் போடு மகள். இதத் தொடாத."

றுஸ்தாவின் குரல் சின்னப் பிள்ளையுடையது போல வந்தது.

"நான் தண்ணியத் தூக்கிட்டுத் திரும்பக்குள்ள நீங்க சீலைய இழுத்து மூடினீங்க."

"ஓம்."

"உம்மாக்காக மூடினீங்களா? ஒங்களுக்காக மூடினீங்களா?"

இந்தக் கேள்வியை ஜுனைதா ஒவ்வொரு வுழூவிலும் தன்னிடம் கேட்டிருந்தாள். உம்மாவுக்காக என்று சொல்லியிருந்தால் றுஸ்தா நம்பியிருப்பாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

"தெரியா மகள்" என்றாள்.

றுஸ்தா எழும்பினாள். போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டு வாசல் படலை வரைக்கும் போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"பிரசவத்தில எனக்கு ஒண்டு ஆனா, நீங்க வர வாணாம்."

ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது. எண்ணெயைப் பற்றி இல்லை, புண்ணைப் பற்றியும் இல்லை. ஜுனைதா மையித்தில் கண்டதைச் சொல்லிவிட்டாளாம் என்பதுதான் கதை. ஏன் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் போய் விளக்கவில்லை. என்னைக் கழுவ நீங்கதான் வரணும் என்று பிறகு ஒருத்தியும் சொல்லவில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் மவுத்து அறிவிப்புக் கேட்கும்போது அவள் எழும்பிச் சீலைத் துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படலை திறக்காது. கொஞ்ச நேரத்தில் ஸாலிஹாவின் ஓட்டோ தெருவால் போகும் சத்தம் கேட்கும்.

கிளினிக் நாட்களில் றுஸ்தா கையில் அட்டையோடு அந்த வழியால் போனாள். ஜுனைதாவின் வீட்டுப் பக்கம் பார்க்கமாட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஜுனைதா பார்ப்பாள். ஒரு நாள் றுஸ்தா வரவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து நளீம் வந்து, பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்றான். ஜுனைதா எழும்பிப் போய் வுழூச் செய்தாள். அன்றும் காலைத் தடவிப் பார்த்தாள்.

மாரி மழை தொடங்கிய நாட்களில் றுமானாவின் மாமி மவுத்தானாள். கொஞ்ச நேரத்தில் ஸாலிஹா படலையில் வந்து நின்றாள்.

"தண்ணி ஊத்த ஒரு ஆள் காணாது. வா. தொடப்படா, ஊத்த மட்டும். வீட்டாக்கள் அதுக்குத்தான் சம்மதிச்ச."

"அதுக்கே சம்மதிச்சாங்களா?"

"கேட்டுக் கேட்டுத்தான். கதையக் கொறச்சிட்டு நட."

சீலை மறைப்புக்குள் ஜுனைதா வாளியோடு கால்மாட்டில் நின்றாள். இருபது ஆண்டில் அவள் நிற்காத இடம் அது. ஸாலிஹா தலையிலிருந்து தொடங்கினாள். ஊத்து என்றபோது ஊற்றினாள், நிறுத்து என்றபோது நிறுத்தினாள். ஒரு இடத்தில் ஸாலிஹாவின் கை சட்டென்று சீலையை இழுத்து எதையோ மூடியது. ஜுனைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு கால். ஸாலிஹா விரல்களைப் பிரித்துக் கழுவினாள். தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து ஜுனைதாவின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு போனது. அவள் குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீர். இலந்தை இலைத் துணுக்கு ஒன்று மட்டும் சுழன்றுகொண்டு போனது.

"என்னகா பாக்கிற?" என்றாள் ஸாலிஹா தணிந்த குரலில்.

"ஒண்டுமில்ல" என்று சொல்லி ஜுனைதா அடுத்த வாளியை எடுத்தாள். ஊற்றினாள். வழிந்த தண்ணீரைத் திரும்பவும் பார்த்தாள்.